மடிப்பு ஜோடி

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர்கள் மடித்ததைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், நாய் புரண்டு எழுந்த மாதிரி இருக்கும். இரண்டு பேர் வேண்டும். நான் இரண்டு முனையைப் பிடிக்க, எதிரே அவள் இரண்டு முனையைப் பிடிக்க, ஒரு உதறு, ஒரு இழு, நடுவில் வந்து கைமாற்று, கீழே தொங்குவதைக் குனிந்து எடு, மறுபடி இழு. பதினாலு வருஷம் எனக்கு எதிரே நின்று இழுத்தவள் பெரியவள். அவள் வீட்டில் ஒரு சின்னவள் இருந்ததால் சலவைக்கூடம் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். எங்கள் இருவரையும் சேர்த்து 'ஜோடி' என்பார்கள்.

அந்தப் பெரியவளுக்கு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் இடமே இல்லை.

எங்கள் சலவைக்கூடம் நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் அழுக்கு அறை, அடுத்து துவைக்கிற மெஷின்கள், அப்புறம் டிரையர், சூடான உருளை, கடைசியில் எங்கள் மடிப்பு மேஜை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் காது மடல் வரைக்கும் வேர்க்கும். அப்படி ஒரு வெயில் நாளில், டீ நேரத்தில், துணிவண்டி நிறுத்துகிற பின்வாசலில் சின்னவள் வந்து நின்றாள். இவள் ஒரு ஸ்கேன் சென்டரில் டைப்பிஸ்ட். டாக்டர் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து வைப்பார்; இவள் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே ரிப்போர்ட் அடிப்பாள். அம்மா போன பிறகு பெரியவள்தான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தாள். என்னைச் சின்ன வயதிலிருந்து 'ஜோடிக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஜோடிக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன்."

"உங்க அக்காவைக் கூப்பிடவா?"

"ஐயோ வேண்டாம். அவ பாக்கறதுக்குள்ள இப்படி வாங்க."

அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினோம். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு மாசம் முன்னாடி அக்கா டிரையர்கிட்ட மயங்கி விழுந்து மண்டையில அடிபட்டுச்சு இல்ல?"

"நான்தானே தூக்கிட்டு வந்தேன். என் சட்டையெல்லாம் ரத்தம்."

"அப்ப எங்க சென்டர்லதான் ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

"சொன்னே."

"ஒண்ணு இருந்துச்சுக்கா."

பெரியவள் வருகிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு இடத்துல உப்பிட்டிருக்கு. நாலு மில்லிமீட்டர். ஒரு மிளகு இருக்கும், அவ்வளவுதான். வெடிக்கல. அது பாட்டுக்கு இருக்கு. ரிப்போர்ட் ரெண்டு பக்கம். எலும்பு உடையல, ரத்தம் கசியலன்னு முதல் பக்கம். ரெண்டாம் பக்கத்துலதான் இது. நான் முதல் பக்கத்தை மட்டும் அக்காகிட்ட கொடுத்தேன்."

"அடிப்பாவி."

"நானே அடிச்ச ரிப்போர்ட்டுக்கா. காதுல டாக்டர் பேசறார், மேல அக்கா பேரு இருக்கு, விரல் அது பாட்டுக்கு அடிக்குது." அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். வெங்காயம் உரிச்சிட்டே இருந்தவங்க 'தலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. அக்கா மேலதான் சாஞ்சாங்க. நாப்பத்தேழு வயசு. அக்காவுக்கு வர்ற வருஷம் நாப்பத்தேழு. ஏற்கெனவே 'அம்மா வயசு வந்தா நானும் கிளம்பிடுவேன்'னு சொல்லிட்டுத் திரியறா. இதைச் சொன்னா பயத்துலயே பிரஷர் ஏறி ஏதாவது ஆயிடும்."

"ரெண்டாம் பக்கத்துல என்ன பண்ணச் சொல்லியிருக்கு?"

"பெரிய டாக்டரைப் பாக்கணும். பிரஷர் பாக்கணும். ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன்." அவள் என் கையைப் பிடித்தாள். "வாரத்துக்கு ரெண்டு பேருக்காவது இப்படி அடிக்கிறேன். நிறையப் பேருக்கு இது கடைசி வரைக்கும் சும்மாவே இருந்துடுமாம். நேரம் பாத்து நான் சொல்லிடறேன். அதுவரைக்கும் அக்காவைப் பாரம் தூக்க விடாதீங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'போய் இன்னிக்கே சொல்லித் தொலைடி' என்று நான் அதட்டுவேன் என்று நம்பித்தான் அத்தனை வெயிலில் வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. அதட்டுவதில் எனக்கு ஊரில் நல்ல பேர் உண்டு. ஆனால் நான் சொன்னது இதுதான்:

"சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன், ஆறு மாதம்.

மெஷினிலிருந்து வரும் ஈர மூட்டை ஒன்று ஒரு வளர்ந்த ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். முறை வைத்துத்தான் தூக்குவோம். அவள் முறை வரும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டேன். முதலில் "உனக்கு வேற வேலை இருக்கு" என்றேன். பிறகு "என் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டிருக்கு, கனம் தூக்கினாத்தான் விடுமாம்" என்றேன். தோள் பிடித்துக்கொண்டவள் மூட்டை தூக்குவாளா? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும், எனக்கு அது போதாது.

வீட்டில் சின்னவள் தன் பங்குக்கு உப்பைக் குறைத்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பெரியவள் புலம்புவாள்.

"இந்த முட்டைக் குழம்பைத் தொட்டுப் பாருடி. வெந்நீர் மாதிரி இருக்கு. கேட்டா உப்பு தீந்துபோச்சுங்கறா. ரெண்டு மாசமாவாடி ஒரு வீட்டுல உப்பு தீந்துக்கிட்டே இருக்கும்?"

"வயசுப் பொண்ணு, மறந்திருப்பா."

"மறக்கறவளா அவ? கமா புள்ளி விடாம அடிக்கிறவ." என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுக்கக் கை நீட்டினாள். நான் டப்பாவை நகர்த்திக்கொண்டேன். பதினாலு வருஷமாக ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள். அவள் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, மடிக்கிற மெஷின் வரப் போகிறது, ஆள் குறைப்பார்கள் என்று கொட்டகையில் பேச்சு கிளம்பியது. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். ஆள் குறைப்பு உண்டா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். அன்றிலிருந்து பெரியவள் என்னிடம் பேச்சைக் குறைத்தாள். விரிப்பை இழுக்கும்போது வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தாள்.

ஒருநாள் பதினோரு மணி இருக்கும். மூட்டை வந்தது, அவள் முறை, நான் முந்தினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னடி நினைச்சுட்டிருக்கே? எனக்கு வயசாயிடுச்சு, தூக்க முடியலன்னு ஆகட்டும் கண்ணுல படணும், அதானே? நான் போய் நீ நிக்கணும்."

"லூசு மாதிரி பேசாதே."

"ஆறு மாசமா பாக்கறேன். நான் குனிஞ்சாலே ஓடி வர்றே. ஊறுகாயைக்கூட ஒளிக்கறே. உன்னைப்போய் கூடப் பிறந்தவளா நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்." அவள் ஒரு மூட்டைமேல் இன்னொரு மூட்டையைப் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். "எல்லாரும் பாத்துக்குங்கடி! யாருக்குக் கை தளர்ந்துபோச்சுன்னு நல்லாப் பாத்துக்குங்க!"

தூக்கிவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து போய்விட்டது. எனக்கு அவள் அம்மாவும் வெங்காயமும் கண்முன்னே வந்தது. நான் கத்தினேன்.

"கீழ வைடி! உன் மண்டைக்குள்ள ரத்தக்குழாய் உப்பிட்டிருக்கு! வெடிச்சிடும்டி, கீழ வை!"

அவள் மூட்டைகளைப் போடவில்லை. முட்டியை மடக்கி, நிதானமாக, தூங்குகிற குழந்தையை இறக்குவது மாதிரி இறக்கி வைத்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஆறு மாசமா."

"யார் சொன்னா?"

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை; அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வீடு வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் வீடு இரண்டு அறை. சின்னவள் வேலை முடிந்து வருகிற வரைக்கும் பெரியவள் கட்டிலிலும் நான் வாசற்படியிலுமாக உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் அந்தப் பழைய ரிப்போர்ட் இருந்தது; அதன் அடியில் 'பக்கம் 1/2' என்று அச்சாகியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சின்னவள் செருப்பைக் கழற்றியபடி உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டாம் பக்கம் எங்க?" என்றாள் பெரியவள்.

சின்னவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து நைந்துபோன காகிதத்தை எடுத்தாள். பதினோரு மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"படி. ஒரு வரி விடாம, எனக்குப் புரியற மாதிரி படி."

சின்னவள் நின்றுகொண்டே படித்தாள். எந்தக் குழாய், எத்தனை மில்லிமீட்டர், யாரைப் பார்க்க வேண்டும், எப்போது மறுபடி எடுக்க வேண்டும். கடைசி வரியில் குரல் உள்ளே போய்விட்டது.

"சத்தமா."

"குடும்பத்துல யாராவது திடீர்னு இப்படி இறந்திருந்தா, கூடப் பிறந்தவங்களுக்கும் ஸ்கேன் எடுத்துப் பாக்கறது நல்லது."

"கூடப் பிறந்தவங்கன்னா நீதானே?"

"ம்."

"நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

"அங்கயேதானே வேலை பாக்கறே. ஏன் எடுக்கல?"

"நான் எடுத்தா, எதுக்கு எடுத்தேன்னு நீ கேப்பே."

அதுவரைக்கும் கல் மாதிரி இருந்தவள் எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். சின்னவள் பிறந்ததிலிருந்து அவள்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அழுகையில் எனக்குப் பங்கு இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

மறு வாரம் புது ஸ்கேனோடு பெரிய டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் முதலில் பிரஷர் பார்த்தார். நூற்று எழுபதுக்கு மேல் இருந்தது.

"மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

"எனக்குப் பிரஷரே கிடையாதுங்களே."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பாத்ததே இல்லைங்க."

சின்னவள் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஒரு காகிதத்தில் கிளை பிரிகிற குழாய் ஒன்றை வரைந்து, பிரிகிற இடத்தில் ஒரு குமிழ் போட்டார். நாலு மில்லிமீட்டர் இப்போது ஏழு ஆகியிருக்கிறது என்றார். குமிழின் ஓரத்தில் இன்னொரு குட்டி மொட்டு. அதுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

"அப்பவே வந்திருந்தா இது வளர்ந்திருக்காதுங்களா?" என்று கேட்டாள் பெரியவள்.

டாக்டர் எங்கள் மூன்று முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப வந்திருந்தா பிரஷர் மாத்திரை கொடுத்து, ஆறு மாசத்துல மறுபடி பாத்திருப்போம். வளர்ந்திருக்குமா இருக்காதான்னு சத்தியமா யாராலயும் சொல்ல முடியாதும்மா."

நான் இடையில் புகுந்தேன். "மூட்டை தூக்கினதால வளர்ந்துச்சா டாக்டர்? நாங்க தூக்கவே விடல. ஒரே ஒரு நாள்தான்..."

"மூட்டையால வளர்ந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பிரஷரை அத்தனை நாள் கவனிக்காம விட்டதுதான் எனக்குக் கவலை."

ஆறு மாதம் மூட்டையை ஒளித்தேன், ஊறுகாயை ஒளித்தேன், அவள் மனசை நோகடித்தேன். தினம் காலையில் ஒரு மாத்திரை. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டாக்டர் வழிகளைச் சொன்னார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வளர்ந்துவிட்டதால் வெடிக்கிற பயம் கூடிக்கொண்டே போகும். மண்டையைத் திறந்து குமிழின் அடியில் கிளிப் போட்டு இறுக்கலாம். இல்லையென்றால் தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே கொண்டுபோய், குமிழுக்குள் மெல்லிய கம்பிச் சுருளை நிரப்பி அடைக்கலாம். இவளுக்கு இதுதான் தோது. அதிலும் நூற்றில் மூன்று நாலு பேருக்குச் சிக்கல் வரலாம். கை கால் விழலாம், பேச்சு போகலாம், உயிரும் போகலாம்.

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் கையை உயர்த்தினாள்.

"நீ பேசாதே. இந்தத் தடவை என் தலையை நானே பாத்துக்கறேன்."

பத்து நாள் மாத்திரை சாப்பிட்டு, யோசித்து, கம்பிச் சுருள்தான் என்று அவளே முடிவு செய்தாள். ஒரு நிபந்தனை போட்டாள்: முதலில் தங்கச்சிக்கு ஸ்கேன். எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது, ஒரு மிளகும் இல்லை, ஒரு கடுகும் இல்லை. பெரியவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்கேன் சென்டர் காவலாளிக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தாள். சின்னவள் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"சீ, ஒண்ணுமில்லைன்னு வந்ததுக்கு அழுவியா? எழுந்திருடி."

"எனக்கு வந்திருக்கக் கூடாதாக்கா?"

"இன்னொரு அறை வேணுமா?" என்று சிரித்தாள் பெரியவள்.

தங்கச்சியை அவள் மன்னித்துவிட்டாள். என்னைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போனேன். வெளியே மழை பிடித்திருந்தது. அவள் படுத்திருந்தது நாங்கள் மடித்த விரிப்பில்தான். நான்கு மூலையையும் இழுத்துச் சரி செய்துவிட்டு உட்கார்ந்தேன். சின்னவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.

"அவ பயந்து மறைச்சா," என்றாள் பெரியவள். "அது எனக்குப் புரியுது. அவளுக்கு நான்தான் அம்மா. நீ எதுக்குடி மறைச்சே?"

"அவ அப்படிக் கெஞ்சினா..."

"கெஞ்சினா நீ கேக்கற ஆளா? தண்ணி குடின்னு சொன்னாலே ஏன்னு கேக்கறவ நீ. நாளைக்கு எனக்கு என்ன ஆகுமோ தெரியாது. இன்னிக்காவது உண்மையைச் சொல்லு."

சொன்னேன். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம். மடிப்பு ஜோடியில் ஒரு ஆள் நீண்ட லீவில் போனால் மிச்ச ஆளை அழுக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு மேஜையில் என்ன செய்வது? எங்களோடு மேஜையில் மடித்துக்கொண்டிருந்த நெட்டையம்மா பிரசவத்துக்குப் போனபோது அவள் ஜோடியை அனுப்பினார்கள். நாலு வருஷமாகியும் அந்த ஜோடிக்காரி மேஜைக்குத் திரும்பி வரவில்லை. வார்டிலிருந்து வருகிற விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற இடம் அது. ரத்தம், வாந்தி, மலம். துணிக்குள் ஊசி கிடக்கும், கையில் ஏறும். அந்த நாற்றம் சோற்றுக் கவளத்தோடு வாய் வரைக்கும் வரும்.

"உனக்கு வியாதின்னு தெரிஞ்சா நீ லீவு போட்டுடுவே. நான் அங்க போகணும். சின்னவ வந்து சொன்னப்ப எனக்கு முதல்ல தோணினது அதுதான். உன் தலை இல்ல. என் கை." சொல்லி முடித்ததும் எனக்கு அழுகைகூட வரவில்லை. "இதுதான்டி உண்மை."

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"இதுக்கா?"

"ஆமா."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆகட்டும்கிட்ட நானே பேசியிருப்பேனேடி." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "போ. காலைல உனக்கு வேலை இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே கொட்டகைக்குப் போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன்.

"ஐயா, என் ஜோடி லீவு. அழுக்கு ரூம் கணக்குல என்னைப் போட்டுடுங்க."

"யார் சொன்னா அப்படி?" அவர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டார். "காலைல ஆறு மணிக்கே போன் பண்ணிட்டா உன் ஜோடி. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பேசணும்னு நர்ஸ்கிட்ட போனைக் கேட்டு வாங்கிப் பேசினாளாம். 'நான் திரும்பி வர்ற வரைக்கும் என் ஜோடியை மேஜையை விட்டு அனுப்பக் கூடாது, நெட்டையம்மாவோட ஜோடியை வெளிய கொண்டுவந்து அவ எதிர்ல நிறுத்துங்க'ன்னா. ஆகட்டும்னுட்டேன்."

மேஜையில் நெட்டையம்மாவின் பழைய ஜோடி நின்றுகொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு வெளுத்த துணியைத் தொடுகிற சந்தோஷத்தில் அவள் வாயெல்லாம் பல். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முதல் விரிப்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்தேன், அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டேன். உருளையில் துணி விடுகிற பெண்ணைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்திவிட்டு, யாரையும் கேட்காமல் அழுக்கு அறைக்குள் போனேன். மூட்டையை அவிழ்த்துப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, பத்து என்று மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. நாற்றத்தில் இரண்டு தடவை குமட்டியது. விட்டுவிட்டு வெளியே வரத் தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஜோடிக்கா!" சின்னவள் மூச்சு வாங்கினாள். "முழிச்சிட்டாக்கா. பேரு கேட்டாங்க, சரியாச் சொன்னா. ரெண்டு கையும் தூக்கிக் காட்டினா. நல்லா அடைஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

நான் அழுக்கு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு அக்கா கேக்கறா."

மேஜையிலதான் இருக்கேன்னு சொல்லு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் இப்போதுதான் கண் விழித்திருக்கிறாள், நிம்மதியாக இருக்கட்டுமே என்று தோன்றியது. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவளாயிற்றே நான்.

"அழுக்கு ரூம்ல இருக்கேன். ஆகட்டும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்னு சொல்லு."

சின்னவள் அதை அப்படியே சொல்வது கேட்டது. அப்புறம், தூரத்திலிருந்து, நாக்கு தடித்த ஒரு குரல்.

"கையுறை போட்டிருக்காளான்னு கேளு."

நான் என் கைகளைப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.